என் மகளின் பேஜார்

அன்று மத்தியானம் வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி சாந்தி இருந்தாள். காலேஜில் படிக்கும் மகள் கீதா இருந்தாள். பிரியாணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஷாகிரா அக்கா இருந்தார்.

கீதா தட்டைத் தள்ளினாள். "பேஜாரா இருக்குதுப்பா."

ஒரு மாதமாக இதையேதான் சொன்னாள். எங்கள் ஆம்பூரில் பஸ் லேட்டானாலும் பேஜார், கரண்ட் போனாலும் பேஜார். நான் சிரித்தேன். "தோல் கம்பெனிக்குப் போறவன் நானு. பேஜார் உனக்கா, மகாராணி?"

ஷாகிரா அக்கா சிரிக்கவில்லை. கீதா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, சோறு பேஜாரா, உசுரே பேஜாரா? செத்துடலாம்னு தோணுதா?"

"இன்னாக்கா, புள்ளகிட்ட இப்படியா கேப்பாங்க?" என்று சாந்தி கத்தினாள்.

கீதா என்னைப் பார்த்தாள். "தோணுதுப்பா. யாருமே கேக்கல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தோல் நாற்றம் என்று என் கையைத் தட்டிவிடுகிறவள், அன்று விடவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"அந்தம்மா கேட்டது நல்லது. நீங்களும் தினமும் கேளுங்க" என்றார் டாக்டர்.

வைத்தியம் நடக்கிறது. கேட்க எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் வேலை விட்டு வந்ததும் கேட்கிறேன். "பத்துக்கு எவ்ளோ பேஜாரு?"

முதலில் ஒன்பது என்பாள். நேற்று ஆறு. இன்று என் தட்டிலிருந்த கறியை எடுத்துத் தின்றுகொண்டே சொன்னாள்.

நாலு.