சொல்லாமல் விட்ட பத்தி

மாமா சட்டை போட்டுக்கொண்டுதான் ஊதுவார். அவரை நினைத்தால் முதலில் அதுதான் கண்முன் வருகிறது. எந்நேரமும் வெற்று மார்போடு, மடியில் வைத்த தலையணைமேல் கவிழ்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பவர், நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அத்தையிடம் கைகாட்டி வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வார். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் பாதி மூச்சு போய்விடும். பிறகு நான் நீட்டும், மூச்சை அளக்கும் பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஊதுவார். அதிலிருக்கும் சிவப்பு முள் கொஞ்சம் நகரும். உடனே இருமல் பிடித்துக்கொள்ளும்.

உறவில் அவர் மாமா இல்லை. தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்களுக்கு அடுத்த லைன் வீடு. அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும் கல்தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. பெங்களூரில் பார்த்த வேலை போய் நான் வீட்டில் இருந்தபோது, இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின் கொடுக்கும் திட்டத்தோடு ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. மெஷினால் எவ்வளவு பயன் என்று பார்க்க, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு முதலில் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் மூச்சையும் மாதாமாதம் அளக்க வேண்டும். அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மாமா இரண்டாவது பாதியில் இருந்தார்.

சம்மதப் படிவம் கன்னடத்தில் இருந்தது. மாமாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நான்தான் தமிழில் சொன்னேன். சீட்டு எடுத்து முடிந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று சொன்ன ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். "அதைச் சொன்னா ஆளுங்க விலகிடுவாங்கம்மா, அப்புறம் யாரை வெச்சு ஒப்பிடறது?" என்று மேற்பார்வையாளர் கேட்டிருந்தார். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். மாமா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது மாதம் ஊதி முடித்தபோது எச்சிலில் ரத்தம் வந்தது. அத்தை துணியைச் சுருட்டி மறைத்தாள். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி ஊதட்டாம்மா? போன மாசத்தவிட கம்மியா பூட்ச்சி. இத்தப் பாத்துட்டு மெஷின் இல்லன்னுடப் போறாங்க" என்றார்.

மெஷினுக்கான பரீட்சை என்று நினைத்துத்தான் அவர் ஒவ்வொரு மாதமும் ஊதியிருக்கிறார்.

"நீங்க எப்படி ஊதினாலும் ஒண்ணுதான் மாமா. சீட்டு முன்னாடியே எடுத்துட்டாங்க. உங்களுக்கு அடுத்த வருஷம்தான் வரும். வேணாம்னா இப்பவே நிறுத்திக்கலாம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்போ இன்னாத்துக்கும்மா இவ்ளோ நாளா என்ன ஊதச் சொன்ன?"

அன்றே ராபர்ட்சன்பேட்டையில் இருந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஓடினேன். ஒரே ஒரு மெஷினை முன்கூட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஒருவருக்கு மாற்றினால் ஆய்வே கெட்டுவிடும் என்றார்கள். பெங்களூர் வரை அலைந்தும் எங்கும் இரவலாகக்கூடக் கிடைக்கவில்லை. ஏழாவது மாதம் மாமா இறந்துபோனார். படிவத்தில் ஊர் மாறிப் போனவர்களுக்கு உண்டான கட்டத்திலேயே அவர் பெயருக்கும் டிக் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன்.

சாவு வீட்டில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கிட்டயும் மறச்சிட்டானுங்களா, பாவிங்க. தெரிஞ்ச அன்னிக்கே வந்து சொல்லிட்டியேம்மா" என்று என்னைத் தேற்றினாள். இல்லை அத்தை, எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாம் அத்தை" என்றுதான் வந்தது.

இப்போது மறுபடி பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறேன். போன வாரம் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறிய அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதிர் சீட்டுக்காரியிடம் என்னைக் காட்டி, "அத்தினி பேர்ல இந்தப் பொண்ணு ஒண்ணுதான் எங்க வூட்டுக்காரருக்கு உண்மையச் சொல்லிச்சு" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.