படலையில்லாத வீட்டில் அனுமதி கேட்பது

டேனிஷ் நாட்டுப்புறமான யூலண்டின் பண்ணை வீடுகளுக்கு, வெளிவாசல் கதவான படலை கிடையாது. தார் வீதியிலிருந்து ஒரு சரளைக்கல் பாதை பிரிந்து நேரே முற்றத்துக்குள் போய்விடும். வீதி எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் என்றால் படலையடியில் நின்று "வீட்டுக்காரர்!" என்று ஒரு குரல் கொடுக்கலாம். நாய் குரைக்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வரச் சொன்னால் போகலாம், சொல்லாவிட்டால் மானத்தோடு திரும்பலாம். இங்கே அந்த வசதி இல்லை. அதனால் போன புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, ஹேர்னிங் நகருக்கு வெளியே ஒரு பண்ணைப் பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கப் போனது ஒரேயொரு கேள்விதான்: உங்கள் நிலத்தில் நான் வேட்டையாடலாமா?

உனக்கேன் இந்த வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி சாந்தி தினமும் கேட்கிறாள். நான் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இலையுதிர் காலம் தொடங்கினால் திங்கட்கிழமை இடைவேளைகளில் அங்கே வேறு கதையே இல்லை. மான், காட்டு வாத்து, யாருடைய நாய் தண்ணீருக்குள் இறங்க மறுத்தது, இதுதான். இத்தனை வருடமாக அந்த மேசையில் றொட்டியைக் கடித்தபடி சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் சொல்ல ஒரு கதை வேண்டும் என்று ஆசை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவுதான் காரணம். வகுப்புக்குப் போனேன். பறவைகளின் டேனிஷ் பெயர்களைப் பாடமாக்கினேன். சோதனையில் தேறி, 'யாக்டைன்' எனப்படும் வேட்டைப் பத்திரத்தையும் எடுத்துவிட்டேன். துவக்கும் அதைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலுமாரியும் வீட்டுக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. பறக்கிற வாத்து ஒருவருக்கும் சொந்தமில்லை, அது இறங்குகிற நிலம் யாருக்கோ சொந்தம். நிலம் இல்லாதவன் நிலத்துக்காரரிடம் கேட்கவேண்டும். என்னோடு வேலை செய்பவர்களுக்கு மாமனாரின் வயல் இருக்கிறது, சித்தப்பாவின் காடு இருக்கிறது. என் மாமனாரின் காணி யாழ்ப்பாணத்து அளவெட்டியில் கிடக்கிறது. அதில் இறங்க எந்த யூலண்ட் வாத்தும் வராது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்," என்றாள் சாந்தி. "இப்ப நீங்களே ஒண்டை வாங்கிக் கொண்டந்து வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள். பனி கொட்டமுதல் ஒருத்தரும் இடம் தராட்டி அந்தச் சாமானைக் கடையில திருப்பிக் குடுத்திடவேணும். சொல்லிப்போட்டன்."

நானும் தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு போன முதல் வீட்டில் ஒரு வயதான பெண் ஜன்னலால் என்னைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத கறுத்த மனிதன் ஒருவன் வந்து உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் சுடட்டுமா என்று கேட்டால் நானும் கதவைப் பூட்டுவேன். இரண்டாவது வீட்டில், நிலம் வேறு ஆட்களுக்குக் குத்தகைக்குப் போய்விட்டது என்று மரியாதையாகச் சொன்னார்கள். இது மூன்றாவது வீடு. துவக்கை வீட்டில் பூட்டிவிட்டு, சாந்தி முகத்தை நீட்டிக்கொண்டே பொரித்துத் தந்த ரோல்ஸ் பெட்டியோடு போயிருந்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக இன்னும் பழகவில்லை.

பண்ணைக்காரரின் பெயர் கியெல். அறுபது வயதிருக்கும், நீல வேலையுடுப்பு. பெட்டியைக் குழப்பத்தோடு வாங்கிக்கொண்டு குசினிக்குள் கூப்பிட்டு, அடுப்பிலிருந்த கோப்பியை ஊற்றினார். நான் மழையைப் பற்றிக் கதைத்தேன். அவர் கோதுமை விதைத்ததைச் சொன்னார். வாத்துகள் கூட்டமாக இறங்கி முளையைத் தின்கின்றன என்று அவரே சொன்னார். இதைவிட நல்ல இடம் ஒருவனுக்கு வாய்க்குமா? நான் "அப்படியா" என்றுவிட்டு அவருடைய பன்றிகளைப் பற்றி விசாரித்தேன். ஏனென்றால் எங்கள் ஆட்கள் வந்த விசயத்தை உட்கார்ந்த இடத்தில் கேட்பதில்லை. தேத்தண்ணி குடித்து, ஊர்ப்புதினம் கதைத்து எழும்பினால், வீட்டுக்காரர் படலை வரைக்கும் கூட வருவார். அங்கே ஒரு கையைப் படலையில் வைத்தபடி, "அண்ணை, ஒரு சின்ன விசயம்..." என்று தொடங்குவோம். கலியாணப் பேச்சும் காணிப் பேச்சும் அந்தப் படலையடியில்தான் நடக்கும். கேட்கிறவனுக்கும் வெட்கமில்லை, மறுக்கிறவருக்கும் சங்கடமில்லை.

கியெல் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் எழும்பினேன். குசினிக் கதவடியில் கை தந்தார், நல்ல வார இறுதியாக அமையட்டும் என்றார், கதவைச் சாத்தினார். முற்றத்தில் நான் தனியே நின்றேன். மெதுவாக நடந்து, இரண்டு தரம் திரும்பியும் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கேள்வியைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டே காரை எடுத்தேன்.

"கேட்டனீங்களோ?" என்றாள் சாந்தி.

"கோப்பி குடிச்சம்."

"நான் அதையே கேட்டனான்?"

சோபாவில் கிடந்த மகள் அபி தலையைத் தூக்கி, "ஃபார், அதைக் கேட்கத்தானே போனீங்கள்? கேட்க வேண்டியதுதானே!" என்று டேனிஷில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இங்கே பிறந்தவள், என்னை அப்பா என்று கூப்பிடுவதும் டேனிஷில்தான். அவளுக்குக் கேட்பது என்பது வாயைத் திறப்பதுதான்.

எனக்கு அப்படியில்லை. ஊரில் சண்டை முடிந்த பிறகு நானும் சாந்தியும் அங்கே போயிருந்தோம். எங்கள் வீடும் கிணறும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. முட்கம்பிக்கு வெளியே, முகாம் வாசலில் நின்று, எங்கள் காணியை ஒருதரம் பார்க்கலாமா என்று ஒரு சிப்பாயிடம் கேட்டேன். சின்னப் பெடியன், தோளில் துவக்கு. கெட்டவன் இல்லை. பெரியவர் வரட்டும் என்றான். பெரியவர் வரவில்லை. வெயிலில் நின்ற அவ்வளவு நேரமும் நான் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். வாய் நோகும் வரைக்கும் சிரித்தேன். கியெலின் குசினியிலும் என் முகத்தில் இருந்தது அதே சிரிப்புத்தான் என்று அன்றிரவு படுக்கையில் விளங்கியது. இந்த முறை துவக்கு என்னுடையது, நிலம்தான் வேறொருவருடையது. ஆனாலும் பயந்தவன் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை திரும்பிப் போனேன். கியெல் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். காரை விட்டு இறங்கமுதலே கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிட்டேன். அவர் தண்ணீரை நிற்பாட்டினார்.

"அதுக்குத்தான் அன்றைக்கும் வந்தாயா? நீ எதையோ விற்க வந்து மறந்துவிட்டாய் என்று நானும் மனுசியும் யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த ரோல்ஸ் நல்லாயிருந்தது." பிறகு வயலைப் பார்த்தார். "வாத்து மட்டும். வீட்டுப் பக்கம் சுடக்கூடாது. வரமுதல் ஒரு போன் பண்ணு."

வயலின் விளிம்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், எந்த மரவரிசையோடு தன் நிலம் முடிகிறது என்று காட்டினார். திரும்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "உனக்கு உன் நாட்டில் நிலம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அங்கே யாராவது வேட்டையாட வந்தால் உன்னிடம் கேட்பார்களா?"

"இல்லை. அதுக்குள் போவதற்கு நான்தான் கேட்கவேண்டும். இன்னும் அனுமதி கிடைக்கவில்லை."

அவர் நின்றார். என் டேனிஷில் ஏதோ பிழை என்று நினைத்திருக்கவேண்டும். அன்போடு, சொல் சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டார்: "இல்லை, நான் கேட்டது, அது உன்னுடைய நிலமா?"

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு டேனிஷில் "யா" என்றேன்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது சாந்தி சந்தோசப்படவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, "முன்பின் தெரியாத மனிசன் தன்ர வயலுக்க விட்டிட்டான்," என்றாள். "எங்கட கிணத்தடியை நாங்கள் எப்ப பாக்கிறது?" அதற்குப் பிறகு துவக்கைத் திருப்பிக் கொடுக்கும் கதையை அவள் எடுக்கவேயில்லை.

இப்போது திங்கட்கிழமை மேசையில் எனக்கும் கதை இருக்கிறது. தவறவிட்ட வாத்துகளின் கதைதான், ஆனாலும் கேட்கிறார்கள். இனிப் போன்கூடத் தேவையில்லை, நேரே வா என்று கியெல் சொல்லிவிட்டார். என்றாலும் ஒவ்வொரு முறையும் சரளைப் பாதை தொடங்கும் இடத்தில், படலை இருந்திருக்க வேண்டிய இடத்தில், என் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கிறது. பின்பக்கம் துவக்கு உறைக்குள் கிடக்க, இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். குசினி ஜன்னலில் கியெல் தெரிகிறார். வா, வா என்று கையைக் காட்டுகிறார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன், வாய் நோகும் வரைக்கும்.