அருளம்மாளுக்குப் பசி போனது

மலாக்கா பக்கம் ரெம்பியாவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் கிளீட்டஸின் மனைவி அருளம்மாள், பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். உடம்பு பெருத்துப்போய், மாதா கோயில் படி ஏறவே கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டியிருந்தது. கிளீட்டஸ் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. யானை என்பான். கோபம் வந்தால் முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவான். இந்த உடம்புக்கு எங்கே வலிக்கப்போகிறது என்று சிரிக்கவும் செய்வான்.

முட்டி வலிக்காக மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். பசியை அடக்கும் புது மருந்து, இன்னும் கடைக்கு வரவில்லை, வாரம் ஓர் ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்று தாதி இந்திராதேவி விளக்கினாள். பாச்சாங்கில் இருக்கும் மகள் பமேலா தைரியம் சொல்ல, அருளம்மாள் சேர்ந்துவிட்டாள்.

தனக்குப் போட்டது தண்ணீரில்லை என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்தது. முதலில் குமட்டல். பிறகு சம்பல் வதங்கும் வாசனைகூட அவளை இழுக்கவில்லை. அடி வாங்கிய பிறகு சட்டியோடு உட்கார்ந்து தின்று தீர்ப்பது அவள் வழக்கம். இப்போது அடி விழுந்தால் தின்னத் தோன்றவில்லை. வலி அப்படியே நின்றது. வலிக்குப் பின்னால் கோபம் வந்தது.

உடம்பு இறங்க இறங்க, கிளீட்டஸின் கேலி சந்தேகமாக மாறியது. நடுப்பகலில் லோரியைக் கேண்டீன் வாசலில் நிறுத்தி நோட்டம் பார்த்தான். யாருக்குக் காட்ட இளைக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து பன்றிக்கறி சமைத்திருந்தாள். தன் தட்டில் ஒரு கரண்டிச் சோறு போட்டுக்கொண்டாள். பீர் குடித்திருந்த கிளீட்டஸ் அந்தத் தட்டைக் குவித்து நிரப்பினான்.

"சாப்பிடு."

"போதுங்க. இறங்காது."

அவன் அவள் பிடரியை அழுத்திப் பிடித்து, சோற்றையும் கறியையும் வாய்க்குள் திணித்தான். மூச்சு முட்டி அவன் சட்டையிலேயே கக்கினாள். அவன் பிரிட்ஜைத் திறந்து, ஊசிப் பெட்டியைத் தரையில் போட்டுக் குதிகாலால் நசுக்கினான். திரும்பி வந்து முஷ்டியால் குத்தினான். தாடை முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ரத்தம் ஒழுகும் வாயில் மறுபடியும் சோற்றைக் கொண்டு வந்தான்.

அவள் கைக்கு சம்பல் இடிக்கும் லெசோங் கல்லுரலின் குழவி தட்டுப்பட்டது. முதல் அடியில் அவன் மணிக்கட்டு உடைந்தது. மறு கையை ஓங்கிக்கொண்டு வந்தவனை முகத்தில் அடித்தாள். கண்ணைப் பொத்திக்கொண்டு விழுந்தான். மூன்றாவது அடிக்குத் தேவையே இல்லை. அதையும் அடித்தாள்.

பக்கத்து வீட்டார்தான் போலீசைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு வலது கண் போயிற்று. விசாரணையில், பரிசோதனைக்கு வந்தபோது அவள் உடம்பில் பலமுறை காயம் பார்த்ததையும், கேட்டபோதெல்லாம் விழுந்துவிட்டேன் என்று அவள் மழுப்பியதையும் இந்திராதேவி சொன்னாள். தற்காப்பு என்று அருளம்மாளை விட்டுவிட்டார்கள். கிளீட்டஸ் சிறைக்குப் போனான்.

கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு பாச்சாங்கில் மகள் வீட்டில் கிடந்தாள். இந்த நிலையில் மருந்து தரக்கூடாது என்று ஆராய்ச்சியிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில், பற்களுக்கிடையே முனகினாள்: "பசிக்குது, பமேலா." மகள் அழுதுகொண்டே கஞ்சி கரைத்தாள்.

இறங்கிய உடம்பில் பாதி திரும்பி வந்துவிட்டது. முட்டி இன்னும் வலிக்கிறது. இப்போது பாச்சாங்கில் காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்கிறாள். விடுதலையான கிளீட்டஸ், மாதா கோயில்காரர் தம்புசாமியைத் தூது அனுப்பினான். அவன் திருந்திவிட்டான், சமைத்துப்போட ஆளில்லாமல் கஷ்டப்படுகிறான் என்றார் அவர்.

அருளம்மாள் நெத்திலியை வறுத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வரமாட்டேன்னு சொல்லுங்கண்ணே. இங்க வந்து கை வச்சாருன்னா, இந்தத் தடவ கண்ணோட விடமாட்டேன்லா."

பிறகு அவருக்கு ஒரு பொட்டலம் கட்டி நீட்டினாள். தம்புசாமி வாங்காமலே எழுந்து போனார்.