எண்ணெய் படாத மீன்

என் மனைவியின் ஈரலில் கட்டி இருப்பதாக வேலூரில் டாக்டர் சொன்னது தொண்ணூறுகளின் கடைசியில். அறுத்து எடுக்கும் நிலையில் இல்லை என்றார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அவளைப் பார்க்க என் அக்கா மகன் ஆரணிக்கு வந்தான். மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நான் விடாமல் கேட்டதில் சொன்னான்: பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் ஒரு நஞ்சு உண்டாகும், அதைத் தின்ற மீனுக்கு ஈரலில் கட்டி வரும், தீனியில் கொழுப்பை மாற்றினால் கட்டிகளின் எண்ணிக்கையும் மாறும். சில கொழுப்பு கூட்டும், சில குறைக்கும்.

"எந்த எண்ணெய்டா கூட்டும்?"

"மாமா, அது நஞ்சு குடுத்த மீனு. எந்தக் கொழுப்பு, எவ்ளோ, எப்போன்னு பொறுத்து மாறிகினே இருக்கும். அத வெச்சி அத்தைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

'கூட்டும்' என்ற சொல் மட்டுமே என்னிடம் தங்கியது.

அன்றே கடலை எண்ணெய்த் தூக்கைப் பரண்மேல் ஏற்றினேன். வீட்டில் தாளிப்பு நின்றது. சேவூர் ஏரி மீனை ஆவியில் வேகவைத்துத் தட்டில் வைத்தேன். ஒவ்வொரு வேளையும் அவள் கவளங்களை எண்ணினேன். பத்து ஆறாகி, ஆறு மூன்றாயிற்று. வயிறு மட்டும் வீங்கியது.

நோயில் படுக்கும்வரை அவள் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தவள். எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட எங்கள் தெருவில் யாரும் துணியமாட்டார்கள். ஒரு சொட்டுக் கறை போதும், சேலை விலை போகாது.

"பட்டுலதான் எண்ணெ படக் கூடாது," என்றாள் தட்டைத் தள்ளி. "என்னிய என்னா, தறியில ஏத்துன பாவு நூலுன்னு நெனச்சிகினு இருக்கீங்களா? பாவுக்காச்சும் கஞ்சி போடுவாங்க."

அடுத்த முறை வந்தபோது அக்கா மகன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். வெளியே வந்து, "சாப்பாடு எறங்கலன்னா இன்னும் ஜல்தியா போயிடுவாங்க மாமா. டாக்டரு எண்ணெய நிறுத்தச் சொன்னாரா?" என்றான்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தூக்கை இறக்கினேன். மிளகாய்ப்பொடி தடவி, எண்ணெய் மிதக்க மீனை வறுத்தேன். வாசனைக்கே எழுந்து உட்கார்ந்தாள். முள்ளை நான் எடுத்துக் கொடுக்க, இரண்டு கவளம் போனது. மூன்றாவதை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் துப்பினாள்.

அவள் விரல்களில் எண்ணெய் பளபளத்தது. துடைக்கத் துணி எடுத்தேன்.

"இருக்கட்டும்," என்றாள். "இனிமே எந்தப் பட்டு நூலத் தொடப் போறேன்."