தேருக்கு அடியில் ஒரு லைன்

மாகறல் பக்கம் ஒரு வயலோரத்தில், நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவியைப் புதைத்திருந்தார்கள். பூமி அசைந்தால் அது உணரும். பக்கத்திலிருந்த மோடம் அந்த அசைவைச் சத்தமாக்கி, எங்கள் டெலிபோன் இலாகாவின் லைன் வழியாகச் சென்னைக்கு அனுப்பும். அந்த லைனோடு சேர்த்து என்னையும் கட்டிப் போட்டார்கள்.

திருநெல்வேலிக்கு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே மனைவிக்கு நிறைமாதம். ஆனால் லைன் ஒரு வாரம் அறுபடாமல் ஓடிக் காட்டினால்தான் காஞ்சிபுரத்திலிருந்து விடுவிப்பார்களாம். அதுவோ மனிதர்கள் பேசுவதற்காகப் போட்ட லைன். கொரகொரவென்றால் மனிதன் "ஹலோ, ஹலோ" என்று கத்தி, இன்னொரு தடவை சொல்வான். மோடத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, தொடர்பை விட்டுவிடும். வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எக்ஸ்சேஞ்ச் மூலையில், லைனில் வரும் மோடத்தின் கீச்சொலியைக் கேட்டபடியே சாப்பிட்டேன், தூங்கினேன். பூமாதேவி மேலேயே எரிச்சல் வந்தது.

ஒருவழியாக வாரம் முடியப்போகும் நேரத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் தேர். தேரோடும் வீதிக்குக் குறுக்கே போகும் கம்பிகளையெல்லாம் முந்தின நாளே கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். என் லைனும் அந்த வீதியைத்தான் தாண்டியது.

"அறுத்து வுடுபா. உன் லைன் இல்லன்னா பூமி ஆடாம இருந்துடுமா?" என்றார் கூட வேலை பார்த்த லைன்மேன்.

"ஆடினா ஆடட்டும். நான் ஊருக்குப் போகணும்."

அவர் சிரித்துவிட்டுக் கடப்பாரை எடுத்து வந்தார். வீதியின் குறுக்கே பள்ளம் பறித்து, இரும்புக் குழாய்க்குள் புது ஒயரைப் போட்டு மண்ணால் மூடினோம். அதை இரண்டு பக்கமும் இணைத்த பிறகே மேலிருந்த கம்பியை வெட்டினோம். மோடத்துக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் ஊரே பெருமாளைப் பார்த்துக் கும்பிட்டது, நான் சக்கரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். தேர் சரியாகக் குழாயின் மேல் வந்து நின்றது.

"கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கய்யா!" என்று முட்டுக்கட்டை போடுகிறவரிடம் கெஞ்சினேன்.

"தேரு எம் பேச்சைக் கேக்குமாபா? நின்னுக்கினு இருக்குது பாரு" என்று அவர் கட்டையைச் செருகினார்.

சைக்கிளை மிதித்து எக்ஸ்சேஞ்சுக்கு விரைந்தேன். கீச்சொலி அறுபடாமல் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வாரம் முடிந்ததும் சென்னை அதிகாரி போனில் கூப்பிட்டார். "பிரமாதம்! தேருக்கு அடியிலயே லைனை ஓட்டிட்டீங்களாமே. இனி இதை வேற யாரை நம்பி விடுறது? உங்க மாற்றலை நிறுத்தி வச்சிருக்கோம்."

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டு, "எப்ப வாரீய?" என்றாள்.

மகளின் அழுகையை முதன்முதலில் ரிசீவரில்தான் கேட்டேன். லைன் மிகத் தெளிவாக இருந்தது.