ஆட்டை இறக்கியது யார்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு வேலை நேரத்தில் பேசத் துணை கிடையாது. மொட்டை மாடி மோட்டார் அறையில், கையெல்லாம் கிரீஸோடு, பகல் முழுக்கத் தனியாகக் கிடப்பார். அடக்கி வைத்த பேச்செல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் அவிழும்.

பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. நாலாவது மாடி வீட்டிலேயே வளர்ந்த இருவருக்கும் மாடு என்றால் பால் பாக்கெட்டில் இருக்கும் படம்தான். அவர்களுக்காகத் தான் வளர்ந்த கிராமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேசையில் கொண்டுவந்து வைத்தார். உண்மை எவ்வளவு, உப்பு காரம் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியும். "போன மாசம் குளத்துல ஒரு எருமைதான் இருந்துச்சு. இப்ப மூணாயிடுச்சு" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஆட்டுக் கதையைத்தான். பள்ளிக்கு அதிகாரி வரும் நாளில் ஓர் ஆடு வைக்கோல் போர் வழியாகப் பள்ளியின் ஓட்டுக்கூரை மேல் ஏறிவிட்டது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் விறுவிறுவென்று ஏறி, அதைத் தோளில் போட்டு இறக்கினான். சிறுவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விடுமுறையில் அவருடைய அக்கா வந்தார். சாப்பிட உட்கார்ந்ததுமே சின்னவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தை, அப்பா ஆட்டைத் தூக்கிட்டு இறங்கினப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

தம்பி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். கூரையில் ஏறியதே அக்காதான்.

அக்கா ஒரு பார்வை பார்த்தார். "இருந்தேன். ஆனா மறந்துபோச்சு. உங்க அப்பாவையே சொல்லச் சொல்லு, நானும் கேக்கறேன்."

தப்ப வழியில்லை. மென்று விழுங்கி வைக்கோல் போர் வரை வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு மேலே ஏற வரவில்லை.

"நான் ஏறல கண்ணு. ஏறினது அத்தை. இவ்வளவு நாளா புளுகிட்டேன்."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள் பெரியவள்.

"அழுதேன்னு நினைக்கிறேன்."

மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அழுதான். மூக்கு ஒழுக அழுதான்," என்றார் அக்கா. "ஆட்டை யாரும் தோள்ல போடல. நான் இலையைக் காட்டி இறக்கினேன். வாத்தியாருங்க எல்லாரும் அதிகாரியைக் கூப்பிட வாசலுக்குப் போயிருந்தாங்க. சரி, மிச்சத்தைச் சொல்லுடா."

"மிச்சம் என்னக்கா இருக்கு?" அவருக்கு நிஜமாகவே நினைவில்லை.

அக்கா கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "என் கால் பட்டு ஆறு ஓடு உடைஞ்சுது. அதிகாரி போனதும் தலைமையாசிரியர், எவன் ஏறினதுன்னு குதிச்சார். எங்க அப்பா ஏற்கனவே, பொண்ணு படிச்சது போதும்னு சொல்லிட்டிருந்த நேரம். விஷயம் வீட்டுக்குப் போயிருந்தா அன்னிக்கோட என் படிப்பு நின்னிருக்கும். இவன் அழுத மூஞ்சியோட எழுந்து, 'நான்தான் சார்'னு சொல்லிட்டான். ஒரு வாரம் முட்டி போட்டான்."

பெரியவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நான் டீச்சராகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. என் வகுப்புல வருஷா வருஷம் இந்தக் கதை உண்டு. எங்க தம்பிதான் அதுல பெரிய ஆளு. நீ இந்தப் பொய்யை முதல்ல சொன்னது இவங்ககிட்ட இல்லடா."

லிஃப்ட்காரர் தண்ணீர் எடுத்துவருவதாக எழுந்து போனார். மேசையில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. சமையலறையிலிருந்து அவர் திரும்பக் கொஞ்ச நேரமாயிற்று. வந்தபோது சின்னவள் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டிருந்தாள்.

அக்கா ஊர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை மேசை நடுவே வைத்து, கதை இரண்டு குரலில் நடக்கிறது. இவர் ஒரு வரி சொன்னால் அக்கா அந்தப் பக்கமிருந்து இரண்டு வரி திருத்துகிறார். போன வாரம், பக்கத்து வீட்டுப் பூசணிக்காயைப் பறித்தது யார் என்பதில் பேச்சு முற்றி, இருவருமே "நான்தான்" என்று பிடிவாதமாக நின்றார்கள். பிள்ளைகள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.