வாசிக்காதபோது அவர் முகம்

நாதஸ்வரம் வாசிப்பவரின் கன்னங்கள், அவர் வாசிக்காதபோது எப்படி இருக்கும்? நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பேசப்பட்டது இதுதான். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு அது வேலை.

அத்தைக்கு வேலை என்று சொல்வதுதான் சரி. அப்பாவின் தங்கையான அவள் ஓவியக் கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகிப் போய், சீக்கிரமே பெட்டியோடு திரும்பி வந்து, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். ஏன் திரும்பினாள் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அத்தை எங்கள் வீட்டில் இருப்பது எனக்கு ஜன்னல் சுவரில் இருப்பது போலத்தான்.

மார்கழியில் சபா சபாவாகப் போய், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாடுகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் பென்சிலால் வரைவாள். மற்ற மாதங்களில் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, காலமானவர்களைப் பெரிய அளவில் வரைந்து கொடுப்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததில் நானும் சில விதிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மிருதங்கக்காரர்கள் கீழுதட்டைக் கடிப்பார்கள். வயலின் வாசிப்பவர்களுக்கு இரட்டைத் தாடை விழும். பாடுகிறவர்களை வாய் திறந்திருக்கும்போது வரைந்தால் அவர்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. கதாகாலட்சேபம் செய்பவருக்கு, தன்னை ஒருவர் வரைகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், மீதிக் கதை முழுவதும் அந்தப் பக்கமாகவே நடக்கும். எல்லாவற்றுக்கும் என்னிடம் விதி இருந்தது. நாதஸ்வரத்துக்கு மட்டும் இல்லை.

கோயில் குளத்துக்குப் பின்பக்கச் சந்திலிருந்து ஒருவர், துணிப்பையில் புகைப்படங்களோடு ஒருநாள் வந்தார். அவரும் நாதஸ்வரக்காரர், அவர் அப்பாவும் நாதஸ்வரக்காரர். அப்பா இறந்து முதல் வருஷத் திதி வருகிறது, ஊரிலிருந்து பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், அதற்குள் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். அத்தை புகைப்படங்களைத் தரையில் பரப்பினாள். தியாகராய நகர்க் கல்யாணம் ஒன்றில் வாசித்த படம், சுவாமி புறப்பாட்டில் வாசித்த படம், மேடையில் வாசித்த படம். எல்லாவற்றிலும் பெரியவர் நாதஸ்வரச் சீவாளியை உதட்டில் வைத்து, இரண்டு கன்னமும் பந்தாக உப்பியிருக்க, புருவத்தை உயர்த்திக்கொண்டு இருந்தார். ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் தனியாக எடுத்த படம் ஒன்று இருந்தது. அதிலும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். சத்தம் கேட்க ஆளே இல்லாத அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சும்மா இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா தம்பி?"

"சும்மா இருக்கறப்போ யாருங்க்கா படம் எடுப்பாங்க?"

"அப்ப இப்படியே போட்டுடறேன். நல்லாத்தான் இருக்கு."

"ஐயோ வேணாங்க்கா. மாலை போட்டுக் கும்புடற படம். கன்னத்த உப்பிக்கிட்டு இருந்தா வர்றவன் சிரிப்பான். நேராப் பாக்கணும். பெரிய மனுஷன் மாதிரி இருக்கணும்."

அத்தை ஒப்புக்கொண்டாள். கஷ்டமான வேலை என்றால் அவளுக்கு உடனே ஆசை வந்துவிடும். புகைப்படத்தின் மேல் மெல்லிய கட்டங்கள் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய தாளில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை மாற்றுவது அவள் வழக்கம். நெற்றி, மூக்கு, காது, காதில் சிவப்புக்கல் கடுக்கன் எல்லாம் தாளுக்கு வந்துவிட்டன. கன்ன எலும்புக்குக் கீழே கட்டங்கள் காலியாக நின்றன.

நான் யோசனைகள் சொன்னேன். தாடி வரைந்துவிடலாம். அல்லது யோசிப்பது போல் கன்னத்தில் கை வைத்துவிடலாம். அல்லது மகனைக் கூப்பிட்டு, ஊதச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, ஊதும் கன்னத்துக்கும் ஊதாத கன்னத்துக்கும் என்ன வித்தியாசமோ அதை அளந்து, அப்பா கன்னத்திலிருந்து கழித்துவிடலாம். கடைசி யோசனையைக் கேட்டதும் அத்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்று கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அதற்கு விதை எங்கே விழுந்தது என்று யாராவது கேட்டால், அந்தப் பார்வையைத்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வாத்தியத்தோடு வந்தார். முன்னறையில் நின்று ஊதினார். அத்தை அளவு எடுக்கும் கவராயத்தை அவர் காதோரம் கொண்டுபோக, அவருக்குக் கூச்சம் வந்து சுருதி பிசகியது. எதிர்வீட்டு மாமி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"என்னடி, உங்காத்துல நாயனச் சத்தம் கேக்கறதே! நல்ல சேதியா?"

"கன்னத்துக்கு அளவு எடுக்கறோம் மாமி."

"கன்னத்துக்கா?" என்ற மாமி, அத்தையையும் அந்த மனிதரையும் கவராயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் பெரிய சேதி கிடைத்த திருப்தியோடு திரும்பிப் போனாள்.

அளவு கிடைத்தது. ஆனால் மகன் கன்னம் இளம் கன்னம். வயதான கன்னம் எப்படித் தொங்கும் என்று தெரிய வேண்டும். அதனால் பெரியவரைப் பார்த்துப் பழகியவர்களை மகன் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். அவரோடு காலமெல்லாம் தவில் வாசித்தவர் வந்தார்.

"அண்ணன் மொகமா? வாசிக்கறப்போ பச்சக் கொழந்த மொகம் தாயி. நாயனத்த எறக்கி வச்சிட்டா..." என்று ஆரம்பித்தவர், மகன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "அது வேற" என்று முடித்துக் காப்பியைக் குடித்தார்.

பெரியவருக்குச் சவரம் செய்தவர் அந்த அளவுக்குத் தயங்கவில்லை. தன் கன்னத்தையே இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார்.

"பை மாரி தொங்கும்மா. இட்து புட்ச்சிக்கினுதான் செரைக்கணும். கத்தி இன்னாவோ என் கையிலதான் கீது பாப்பா, பயமும் எனக்குத்தான். ஒரு வாட்டி லேசா கீறிட்ச்சி. ஒண்ணும் பேசல. சும்மா பாத்தாரு. ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல."

எல்லோரும் சிரித்தோம். மகனும் சிரித்தார். சவரக்காரர் இரு புருவங்களுக்கும் நடுவில் விரலை வைத்து, "இங்க ரெண்டு கோடு கீது பாரு, தூங்கினுருந்தாலும் போவாது" என்றார். புகைப்படங்களில் அந்தக் கோடுகளே இல்லை. ஊதும்போது புருவம் மேலே ஏறி அவை மறைந்துவிடும் போலிருக்கிறது. அத்தை சிரிப்பை நிறுத்தி, அவற்றை அங்கேயே வரைந்துகொண்டாள்.

யார் யாரிடமோ கேட்டோம். பெரியவரின் மனைவியிடம் கேட்கவில்லை. அம்மாவை இதற்கெல்லாம் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டார்.

படம் முடிந்த அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. வெறும் கரித்தூளிலிருந்து, நாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒருவர் எங்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கன்னங்கள் தளர்ந்து, உதடுகள் சேர்ந்து, அந்த இரண்டு கோடுகளும் இறங்கி, கண்கள் நேராக. அறையில் எந்த மூலைக்குப் போனாலும் பின்னாலேயே வந்தன. மகன் வந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. "அச்சு அசல்க்கா" என்றார்.

சட்டம் போடக் கொடுக்கும் முன் வீட்டில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று, தாளைப் பலகையோடு துணியில் சுற்றிக் கை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு போனோம். அந்த வீட்டில் அன்று நல்ல கலகலப்பு. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மருமகள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். பெரியவரின் மனைவி, மெலிந்த சின்ன உருவம், கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மகளின் தலைக்காகத்தான். அத்தை பலகையைச் சுவரில் சாய்த்து, துணியை எடுத்தாள்.

முதலில் ரேடியோ நின்றது. மகள் எழுந்து போய் அணைத்ததை நான் பார்த்தேன். மருமகள் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தரையில் இருந்த அந்த அம்மாள் கால்களை மடக்கிக்கொண்டார். பிறகு எழுந்தார். மடியிலிருந்த பூவெல்லாம் உதிர்ந்தது. முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, முதுகு சுவரில் படும்வரை பின்னால் நகர்ந்து நின்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு படத்துக்கு இதைவிட மரியாதை யார் செய்ய முடியும்?

"இது வேணாம்மா," என்றார் அவர், அத்தையிடம்.

"என்னம்மா வேணாம்? அப்பா அப்படியே இருக்காரு" என்றார் மகன்.

"வாசிக்கிறாரே, அந்தப் படத்தப் போட்டுக் குடுக்கச் சொல்லு."

"மறுபடியும் அதையே சொல்றியா? உப்பின கன்னத்துக்கு எவனாச்சும் மாலை போடுவானா? அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டு..."

"மாட்டிட்டா அப்புறம் எறக்க முடியாதுடா. நீ கச்சேரி கல்யாணம்னு போயிடுவ. நாந்தானே இந்தக் கூடத்துல உக்காந்துருக்கணும்."

அதைச் சொன்னபோதும் அவர் படத்தைப் பார்க்கவில்லை. மகனுக்குக் கோபம் ஏறிவிட்டது. இந்தப் படம்தான் மாட்டப் போகிறோம், ஊரே வந்து பார்க்கட்டும், உனக்கு என்ன தெரியும் என்றெல்லாம் சத்தம் போட்டார். அந்த மகனின் புருவங்களுக்கு நடுவிலும் கோடுகள் விழத் தொடங்கியிருந்ததை அப்போது கவனித்தேன். அளவெடுத்த அன்று அவை இல்லை. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். படம் அந்தச் சுவருக்குப் போய்விடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

அப்போது அத்தை பேசினாள். காய்கறிக்காரரிடமும் அப்பாவிடமும் சபா வாசலில் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத அத்தை.

"இல்ல தம்பி. அம்மா சொல்றதுதான் சரி. எனக்கே திருப்தி இல்ல. கன்னத்துல கணக்கு தப்பிடுச்சு, மொகம் மாறிப்போச்சு. இத நான் குடுக்க மாட்டேன்."

"அச்சு அசலா இருக்குக்கா!"

"நீங்க பிள்ளை. உங்களுக்கு அப்படித்தான் தெரியும். வரைஞ்சவ சொல்றேன், தப்பு."

நான் வாயைத் திறந்தேன். அத்தையின் விரல்கள் என் தோளில் அழுந்தின. கணக்கு எங்கே தப்பியது? கவராயம் பிடித்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். கழித்தபோதும் இருந்தேன். அத்தை துணியைப் படத்தின் மேல் போட்டுச் சுற்றினாள். சுற்றி முடிக்கும்வரை அந்த அம்மாள் சுவரை விட்டு நகரவில்லை. பிறகு குனிந்து, உதிர்ந்த பூக்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

வழியெல்லாம் அந்தக் கழித்தலை மனசுக்குள் மறுபடியும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

இரண்டாவது படத்தை அத்தை சீக்கிரமே வரைந்துவிட்டாள். கழித்தல் இல்லை, கூட்டல் இல்லை, ஸ்டூடியோப் படத்தை அப்படியே பெரிதாக்கினாள். உப்பிய கன்னம், உயர்ந்த புருவம், ஏதோ நல்ல விஷயத்தைக் கேட்டு வியந்தது போன்ற கண்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான வேலையாகப் பட்டது. லஸ் முனைக் கடையில் சட்டம் போட்டு, திதியன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆணி அடித்தார். மாலை போட்டபோது ஊரிலிருந்து வந்த ஒரு பங்காளி உண்மையாகவே சிரித்தார். "பெரியப்பா இன்னும் நிறுத்தல பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள்தான் அதிகம் சிரித்தவர். படத்துக்கு நேர் எதிரே, கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "ஆனந்த பைரவி வாசிக்கறப்போ இப்படித்தான் பாப்பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். சடங்கு முடிந்ததும் மகள் ரேடியோவை வைத்தாள். அது எனக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

சாப்பாட்டுக்குப் பிறகு கையில் வடையோடு பின்கட்டில் நின்றிருந்தேன். அந்த அம்மாள் கை கழுவ வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என் கடமை என்று தீர்மானித்தேன்.

"பெரிம்மா, அத்தை சும்மா சொன்னாங்க. அந்தப் படத்துல கணக்கு தப்பவே இல்ல. அதுதான் சரியான படம்."

அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுற்றிலும் யாரும் இல்லை.

"தெரியும் கண்ணு. ரொம்பச் சரியா இருந்துச்சு" என்றார். என் கன்னத்தைத் தடவிவிட்டு, இன்னொரு வடை கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் அத்தையைத் தேற்றினேன். "நீ கவலப்படாத அத்தை. அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க, ரொம்பச் சரியா இருந்துச்சாம்." அத்தை சட்டென்று நின்றாள். என்ன கேட்டாய், என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். நான் எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணக்கில் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அது என்று எடுத்துக்கொண்டு, நான் முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தேன்.